சீட்டின் முதுகில் இரண்டு எழுத்து

கோர்ட் சிப்பந்தி சின்னக் கத்தியால் அரக்கு முத்திரையைத் தட்டினார். சிவப்புத் துணுக்குகள் மேசைமேல் சிதறின. ஒன்று தெறித்து என் சட்டைப் பையருகே ஒட்டிக்கொண்டது. தட்டிவிடலாமா கூடாதா என்று தெரியாமல் சாட்சிக் கூண்டில் அப்படியே நின்றேன்.

பிறகு நூலை அறுத்தார். பழுப்பு உறைக்குள்ளிருந்து ஒரு கட்டு ஓட்டுச் சீட்டுகள் வெளியே வந்தன. இரண்டு மழைக்காலம் பூட்டிக் கிடந்த காகிதம். பள்ளிக்கூட அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த வாசனை வந்தது.

நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேல் சீட்டை எடுத்தார். முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டச் சொன்னார். நீல மையில் இரண்டு ஆங்கில எழுத்து, கீழே ஒரு குட்டி வால்.

ஜெயித்த வேட்பாளரின் வக்கீல் எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல். "மிஸ்டர் சங்கரலிங்கம், இது உங்கள் கையெழுத்தா? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் சொல்லப் போகும் ஒரு வார்த்தையில் முந்நூற்றுச் சொச்சம் பேருடைய ஓட்டு பிழைக்க வேண்டும், அல்லது சாக வேண்டும். என் பதவி உயர்வும் அதே தராசில் எதிர்த்தட்டில் உட்கார்ந்திருந்தது. அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன் இரண்டு எழுத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஸ்வெட்டர் வாங்கின கதைக்கே போன வாரம் இரண்டு பக்கம் பிடித்ததாக ஒரு வாசகர் குறைப்பட்டு எழுதியிருக்கிறார். அவர் மன்னிக்க வேண்டும். எனக்குச் சுற்றி வளைத்துத்தான் பேச வரும்.

வால் முளைத்த விதம்

திருநெல்வேலியிலிருந்து டில்லிக்கு வந்து கீழ்நிலை குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில், ஃபைலில் எந்தக் குறிப்பு எழுதினாலும் அடியில் முழுப் பெயரையும் போடுவேன். ஆங்கிலத்தில் பதின்மூன்று எழுத்து. அப்பா வைத்த பெயர், ஒரு எழுத்தைக்கூட விட மனசு வராது.

எங்கள் செக்‌ஷனுக்குத் தலைவர் ஒரு பஞ்சாபிக்காரர். ஒருநாள் கூப்பிட்டார். "அரே பாய், குறிப்பு ஒரு வரி, உன் பெயர் ஒன்றரை வரி. இது ஃபைலா, கல்யாணப் பத்திரிகையா?" என்றார். செக்‌ஷனே சிரித்தது.

அன்றிலிருந்து பெயர் தேய ஆரம்பித்தது. முதலில் பாதியானது. அப்புறம் நாலு எழுத்தானது. மேல்நிலை குமாஸ்தா ஆனபோது இரண்டு எழுத்தாகி நின்றது. இனிஷியல் போடுவது என்பார்கள். மத்திய அரசாங்கத்தில் ஒருவன் பெரியவனாக ஆகஆக அவன் கையெழுத்து சின்னதாகிக்கொண்டே போகும். எங்கள் செயலாளர் ஒரே ஒரு கோடுதான் இழுப்பார். செக்‌ஷன் ஆபீசர் ஆன அன்று எனக்கு நானே பரிசாக அந்த வாலைச் சேர்த்துக்கொண்டேன்.

"கொசுவ அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றாள் என் மனைவி கோமதி. எனக்கு அதில் பெருமை உண்டு. ஒரு நாளைக்கு நூறு கொசு அடிப்பேன்.

பனிக்குள் ஒரு வரிசை

எந்தத் தேர்தல், எந்தத் தொகுதி என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு நின்றவர்களின் வாரிசுகள் இன்றைக்கும் நின்றுகொண்டிருக்கிறார்கள். நல்ல குளிர்காலம் என்பது மட்டும் போதும்.

டில்லியில் தேர்தல் வந்தால் கிட்வாய் நகர், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ்களில் பாதி ஆண்கள் சாவடிக்குப் போய்விடுவார்கள். எனக்கு ஒரு சாவடியின் தலைமை அதிகாரி வேலை வந்தது. அதற்கு ஒருநாள் பயிற்சி வகுப்பு. ஒவ்வொரு சீட்டையும் கொடுப்பதற்கு முன் அதன் பின்பக்கத்தில் தலைமை அதிகாரி முழுக் கையெழுத்துப் போட வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். நான் அப்போது கடைசி வரிசையில் நண்பர் நடராஜனோடு வேர்க்கடலை உரித்துக்கொண்டு, யாருக்கு எந்த குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்று பேசிக்கொண்டிருந்தேன். இதை மறைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

சாவடி ஊரின் விளிம்பில், கட்டட வேலைக்காரர்கள் குடிசை போட்டிருந்த பகுதியில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம். விடிந்து கதவைத் திறந்தால் வெளியே வெள்ளை. வாசலில் இருந்த பம்புகூடத் தெரியவில்லை. ஒருத்தரும் வரவில்லை போலிருக்கிறது, இந்தக் குளிரில் யார் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

யாரோ இருமினார்கள். அப்புறம் இன்னொருவர். பனி கொஞ்சம் கொஞ்சமாக விலகியபோது முதலில் நாலு தலை தெரிந்தது, பிறகு பத்து. பிறகு பள்ளிச் சுவரைத் தாண்டி, செங்கல் அடுக்கைத் தாண்டி, கண்ணுக்கு எட்டிய வரையில் மனிதர்கள். போர்வை, சாக்கு, கிழிந்த சால்வை, எது கிடைத்ததோ அதைப் போர்த்திக்கொண்டு இருட்டிலிருந்தே நின்றிருக்கிறார்கள். அத்தனை பேர் அவ்வளவு அமைதியாக நின்று நான் பார்த்ததே இல்லை. ரேஷன் கடையில் இப்படி நிற்கமாட்டார்கள், சண்டை வரும். மேசைக்கு வந்து பேனாவைத் திறந்தேன்.

காலையில், கையேட்டில் கண்டபடி முழுப் பெயரும் போட்டேன். சத்தியமாகப் போட்டேன். பதின்மூன்று எழுத்து, ஒவ்வொரு சீட்டிலும். மதியத்துக்கு மேல் கூட்டம் இரண்டு மடங்கானது. விரல் மரத்துவிட்டது. விரலில் மை வைக்கும் பஞ்சாபி டீச்சரம்மா, "ஜல்தி சாப், ஜல்தி" என்று விரட்டிக்கொண்டிருந்தார். ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். அதற்கப்புறம் எழுதினது நான் இல்லை, என் கைதான். எதிரே காகிதம் வந்தது, கை இனிஷியல் போட்டுத் தள்ளியது.

அப்போதுதான் அஞ்சலை வந்தாள். விழுப்புரம் பக்கத்துக்காரி, முப்பது வயது இருக்கலாம். சீட்டைக் கிழித்தபின் எங்களிடம் தங்கும் அடிக்கட்டையில் கைநாட்டு வைத்தாள். வெறும் நீலத் திட்டுதான் விழுந்தது, ஒரு ரேகைகூட இல்லை. சிமென்ட் தின்ற விரல். டீச்சரம்மா உதட்டைப் பிதுக்கினார். நான் தமிழில் "பரவால்லம்மா, போதும்" என்றேன். தமிழைக் கேட்டதும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"என்னாங்கய்யா பின்னாடி எழுதறீங்க? எம் பேரா?"

"ஒன் பேரு எங்கயும் வராதும்மா. நீ யாருக்குப் போட்டேன்னு யாருக்கும் தெரியக் கூடாதுல்லா? இது எங் கையெழுத்து."

"அப்ப எஞ் சீட்டுன்னு எப்படித் தெரியும்?"

"ஒன் சீட்டுன்னு தெரிய வேண்டாம். நல்ல சீட்டுன்னு தெரிஞ்சாப் போதும். அதுக்குத்தான் எங் கையெழுத்து."

அவள் குனிந்து பார்த்தாள். "இத்தினூண்டு கிறுக்கியிருக்கீங்களே. போதுமா?"

"தாராளமாப் போதும். இந்த ராஜாங்கமே இந்த ரெண்டு எழுத்துலதாம்மா ஓடுது" என்று சொல்லிச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பினாள். இரண்டு கையாலும் திருநீறு வாங்குவதுபோலச் சீட்டை வாங்கிக்கொண்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள்.

செல்லாது என்ற கட்டு

எண்ணும் இடத்தில் என் சாவடிப் பெட்டியைக் கொட்டியபோது, மதியத்துச் சீட்டுகளைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். முழுக் கையெழுத்து இல்லை, ஆகவே செல்லாது. கட்டி, அரக்கு வைத்து, மூலையில் போட்டாயிற்று. நான் அந்த நேரம் கிட்வாய் நகரில் வெயிலில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இடையே வித்தியாசம் நூற்றைம்பதைக்கூடத் தொடவில்லை. ஒதுக்கிய கட்டிலோ முந்நூற்றுக்கு மேல். தோற்றவர் சும்மா இருப்பாரா? வழக்குப் போட்டார். வழக்கு நகர்ந்து நகர்ந்து என்னை எட்டிச் சம்மன் வந்தபோது இரண்டு வருடம் ஓடிவிட்டது.

முதல் தடவை போனபோது கோர்ட் வராந்தாவில் தோற்றவர் தரப்பு இளம் வக்கீல் ஒருவர் விஷயத்தை விளக்கினார். கையெழுத்தில் குறை இருந்தாலும், அது அதிகாரியின் தவறுதான் என்று நிச்சயமானால் ஓட்டைத் தள்ளக் கூடாது என்று விதி இருக்கிறதாம். எண்ணும் மேசையில் ஆளாளுக்குக் கத்தும்போது அதை யார் நிச்சயம் செய்வது? அதனால் இப்போது நிச்சயம் செய்ய வேண்டியவன் நான். இது என் கை, என் தவறு என்று ஒப்புக்கொண்டால் சீட்டுகள் பிழைக்கும். எனக்குத் தெரியாது என்றால், யாரோ வெளியில் அடித்த கள்ளச் சீட்டு என்று போய்விடும்.

நடராஜனிடம் சொன்னேன். தஞ்சாவூர்க்காரர், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். "ஓய், நீர் எதுக்குப் போய் மாட்டிக்கறீர்? ஞாபகம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போட்டது எவனுக்கு ஞாபகம் இருக்கும்? தப்புன்னு ஒத்துண்டா ரெக்கார்டுல ஏறிடும். ப்ரமோஷன் லிஸ்ட் வரப்போற நேரம்" என்றார். அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. உண்மையைச் சொல்கிறேன், அதைத்தான் சொல்வது என்று முடிவே செய்திருந்தேன்.

வீட்டில் கோமதி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு என்ன சொல்லப் போறீய?"

"ஞாபகம் இல்லன்னு சொல்லலாம்னு யோசிக்கேன்."

"ஓட்டுப் போட்டவங்களே வந்து, இது எங்க சீட்டுதான்னு சொல்ல முடியாதோ?"

"அதுல அவங்க பேரே கெடையாதே."

அவள் உரிப்பதை நிறுத்தினாள். "அப்ப அந்தச் சீட்டுக்கு ஒங்கள விட்டா நாதியே கெடையாதா?"

நான் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டேன்.

மரியாதையான கேள்வி

விட்ட இடத்துக்கு வருகிறேன். சாட்சிக் கூண்டு. யோசித்துச் சொல்லச் சொன்ன வக்கீல், நான் யோசிப்பதைப் பார்த்துக் கைகொடுத்தார்.

"இருபது வருட சர்வீஸ். பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கிறீர்கள். முழுக் கையெழுத்துதான் போட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் முழுதாகப் போட்டும் இருக்கிறீர்கள். உங்களைப் போன்ற பொறுப்புள்ள அதிகாரி மதியத்துக்கு மேல் இப்படிக் கிறுக்குவாரா? இது வேறு யாரோ செய்தது, இல்லையா?"

டில்லிக்கு வந்ததிலிருந்து என்னிடம் இவ்வளவு மரியாதையாக யாரும் பேசியதில்லை. ஞாபகம் இல்லை என்றுகூடச் சொல்ல வேண்டாம். ஆமாம் என்றால் போதும். ரெக்கார்டு சுத்தமாக இருக்கும்.

கட்டைப் பார்த்தேன். இதில் அஞ்சலையுடைய சீட்டு எது என்று கண் தானாகத் தேடியது. தேடிப் பயனில்லை. எனக்குத் தெரியாது, நீதிபதிக்குத் தெரியாது, நாட்டின் பிரதம மந்திரியே வந்து நின்றாலும் தெரியாது. பெயர் இல்லை, ஊர் இல்லை, சாதி இல்லை, அந்தத் தேய்ந்த கைநாட்டுகூட இதில் இல்லை. மந்திரி போட்டாலும் மண் சுமக்கிறவள் போட்டாலும் இந்த ஒரே அளவுக் காகிதம்தான். இருபது வருடம் அரசாங்கத்தில் வேலை பார்த்தும் இது எனக்கு உறைத்ததில்லை. கூண்டின் கட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

இவ்வளவு பெரிய காரியத்தில் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரே ஒரு சாட்சியை வைத்திருக்கிறார்கள். அந்தச் சாட்சி நான் அடித்த கொசு.

"என் கையெழுத்துதான். முழுப் பெயர் போட்டிருக்க வேண்டும். தவறு என்னுடையது" என்றேன்.

வக்கீலின் மரியாதை அந்த நிமிடமே போய்விட்டது. பொய் சொல்கிறேன், எதிர்க்கட்சியிடம் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்றெல்லாம் ஏறினார். நீதிபதி கையமர்த்திவிட்டு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுக்கச் சொன்னார். அதில் அந்த இனிஷியலைப் பத்துத் தடவை போடச் சொன்னார். போட்டேன். சீட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வால் வளைகிற இடம்கூட மாறவில்லை.

"ஏன் இப்படிப் போட்டீர்கள்?"

"பழக்கம், மை லார்ட். ஆபீஸ் ஃபைல் என்று கை நினைத்துவிட்டது."

அன்றைய நடவடிக்கைத் தாளின் ஓரத்தில் சற்றுமுன் அவரே இரண்டு எழுத்து போட்டிருந்தார். அதை ஒரு கணம் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை.

முந்நூற்றுச் சொச்சம்

சில வாரம் கழித்து அந்தச் சீட்டுகளை எண்ண உத்தரவானது. நான் போக வேண்டிய அவசியமே இல்லை. அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

நீளமான மேசை. இரண்டு பக்கமும் வக்கீல்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு அதிகாரி ஒவ்வொரு சீட்டாக எடுத்து, விரித்து, எல்லாருக்கும் காட்டிவிட்டு அதற்குரிய அடுக்கில் வைக்கிறார். வேகம் கிடையாது. சில முத்திரை கோணலாக விழுந்திருந்தது. ஒன்றில் யாரோ அழுத்திய அழுத்தில் காகிதம் கிழியப் பார்த்திருந்தது. ஒவ்வொன்றும் விரிகிறபோது கோட் போட்ட பெரிய மனிதர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பனியில் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றவர்களுக்காக டில்லியில் யாராவது மூச்சைப் பிடித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

முடிவு என்ன தெரியுமா? அந்தக் கட்டில் அதிக ஓட்டு வாங்கியிருந்தவர் ஏற்கெனவே ஜெயித்தவர். அவருடைய வித்தியாசம் இன்னும் கூடிவிட்டது. தனக்கு விழுந்த ஓட்டைச் சாகடிக்கத்தான் மனிதர் இரண்டு வருடம் வக்கீல் வைத்து வாதாடியிருக்கிறார். உயரமான வக்கீல் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்க்காமலே வெளியே போனார்.

எனக்கு ஆபீசில் மெமோ வந்தது. கடமையில் கவனக்குறைவு, விளக்கம் தரவும். தந்தேன். அந்த வருடப் பட்டியலில் என் பெயர் இல்லை, நடராஜன் பெயர் இருந்தது. மறு மாதம் அவர் அறைக்குள் அனுமதி கேட்டுக்கொண்டு போனேன். வருத்தம் இல்லை என்று எழுதினால் கோமதி இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவாள். வருத்தமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டைப் அடித்தது

அந்த நாட்களில் தேர்தல் சட்டத்தைச் சீர்திருத்த வேண்டும் என்று பேப்பரில் பெரிய பேச்சு. பொதுமக்களும் யோசனை அனுப்பலாம் என்று ஒரு அறிவிப்பு வந்திருந்தது. பக்கத்து குவார்ட்டர்ஸில் டைப்ரைட்டர் இரவல் வாங்கி மூன்று பக்கம் அடித்தேன்.

பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. என் சீட்டுகளைத் தள்ளுவதற்கு முன் ஒரு ஜீப்பை அனுப்பி என்னைப் பாயிலிருந்து எழுப்பி, இது உன் கையா என்று கேட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அப்படிக் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லட்டும். அதிகாரி செய்த பிழைக்கு ஓட்டர் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? தேர்தல் வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று இப்போதே விதி இருக்கிறதாம். முயல வேண்டும் என்றால் எல்லாரும் முயன்றுகொண்டேதான் இருப்பார்கள். முடிக்க வேண்டும் என்று போடுங்கள். ஒரு மனிதர் பாதிப் பதவிக்காலத்தைத் தன்னுடையதா என்று தெரியாத நாற்காலியில் கழித்திருக்கிறார், இதைவிட வேடிக்கை உண்டா என்றும் எழுதி, அப்புறம் அந்த வரியை அடித்துவிட்டேன்.

கிடைத்தது என்று ஒரு கார்டு வந்தது. அடியில் யாரோ ஒரு அதிகாரியின் இனிஷியல், வால் இல்லாமல்.

லோதி ரோட்டில்

டில்லி முழுக்க அப்போது எதையாவது கட்டிக்கொண்டிருந்தார்கள். லோதி ரோட்டில் எங்கள் ஆபீசுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு காலை பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தேன். "ஐயா, ஓட்டு ஐயா" என்று ஒரு குரல் கேட்டது.

அஞ்சலை. தலையில் இரும்புச் சட்டி நிறைய மணல், இடுப்பில் ஒரு கை.

எனக்கு உண்டான சந்தோஷத்தை என்ன சொல்வது. இரண்டு வருட வழக்கு, கூண்டு, நீளமான மேசை, எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அஞ்சல, ஒன் ஓட்ட எண்ணிட்டாங்கம்மா" என்றேன்.

"எந்த ஓட்டு? மறுபடியும் வந்துடுச்சா?"

"இல்லம்மா. அன்னைக்குப் போட்டியே, பள்ளிக்கூடத்துல. அது."

இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல என்னைப் பார்த்தாள். "அது அன்னிக்கே எண்ணியிருப்பாங்களேய்யா. போதுமான்னு கேட்டேனே, நீங்கதான தாராளமாப் போதும்னு சொன்னீங்க?"

அவள் ஓட்டு இரண்டு வருடம் ஒரு உறைக்குள் செத்துக் கிடந்தது அவளுக்குத் தெரியாது. சந்தேகம்கூட வந்ததில்லை. நான் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இத்தனை நாளும் நிம்மதியாக மணல் சுமந்திருக்கிறாள்.

"ஆமாம்மா. எண்ணியாச்சு" என்றேன்.

"அப்புறம் என்னாய்யா" என்று சட்டியைச் சரிசெய்துகொண்டு, மூங்கில் சாரத்தில் போட்டிருந்த பலகைமேல் ஏறிப் போனாள். மூன்றாவது மாடி வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆபீசில் முதல் ஃபைல் காத்திருந்தது. ஒரு வரிக் குறிப்பு எழுதி, அடியில் முழுப் பெயரையும் போட்டேன். பதின்மூன்று எழுத்து. மை உலர்ந்ததும் ஃபைலை மூடி நடராஜன் அறைக்கு அனுப்பினேன்.